இரண்டு டிஸ்க்குக்கும் வைத்த பொட்டு

2025 செப்டம்பர் 20, சனி

மான் இன்றைக்கும் வந்து செவ்வரத்தையைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. மொட்டுக்கூட மிச்சமில்லை. இந்த ஊர் மானுக்குக் கோட்டை வாசலும் ஒன்றுதான், என் முற்றமும் ஒன்றுதான். முற்றம் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடினேன், கத்தினேன். அது நின்று என்னைப் பார்த்து ஆறுதலாக மென்றது.

உள்ளே வந்தால் முன்னறையில் மருமகள் லதுஷா கொம்பியூட்டரைச் சரித்துப் படுக்கவைத்து, பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே தலையை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்ன பிள்ளை செய்யிறீங்கள்?"

"விண்டோசுக்கு அடுத்த மாதத்தோட பாதுகாப்பு நிக்குது மாமி. புதுசு இந்த மெசினில ஏறாது. லினக்ஸ் போடப்போறன்."

"அப்ப இருக்கிறது?"

"இருக்கிறது இருக்கும். பக்கத்தில மற்றதும் இருக்கும்."

ஒரு உறைக்குள் இரண்டு கத்தி! எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த வீட்டுக் குசினிக்குள்ளும் மூன்று வருசமாக இரண்டு பேர் இருக்கிறோம்தான். எப்படி இருக்கிறோம் என்பது எனக்கல்லவா தெரியும்.

கிருஷாந்த் கப்பலில். வருசத்தில் பாதியைக் கடலில் கழிக்கிற என் மகன், தானே பார்த்துக் கட்டி, என்னோடு விட்டுவிட்டுப் போன பிள்ளை இவள். வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள். தாய் இல்லை. மரியாதைக்குக் குறைவு சொல்ல ஏலாது, ஆனால் சிரிப்பைக்கூட அளந்துதான் விடுவாள். நானோ வாய் ஓயாத மனுசி. சத்தம் போடாமல் எனக்கு ஒரு சம்பலும் அரைக்கத் தெரியாது.

பகலில் பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். சனி ஞாயிறு பின்னேரங்களில் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், இலங்கைத்துறை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏ.எல். சோதனைக்கு இணைந்த கணிதம் படிப்பிப்பாள். அங்கே அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லையாம். சல்லிக் காசு வாங்குவதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடத்துவாள், நான் எட்டிப் பார்ப்பதில்லை. சிக்னல் கிடைக்காத பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வகுப்பையும் வீடியோவாகச் சேர்த்து, பென் ட்றைவில் ஏற்றி மட்டக்களப்பு பஸ்ஸில் கொடுத்து விடுவாள். அது திரும்பி வந்ததும் அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றுவாள். ஆக, இரண்டு வருசப் பாடமும் அந்தப் பழைய பெட்டிக்குள் மட்டும்தான் கிடக்கிறது. நவம்பரில் சோதனை.

செப்டம்பர் 21, ஞாயிறு

றிகாஸ் தம்பியின் கடையிலிருந்து இன்னொரு ஹாட் டிஸ்க் வாங்கி வந்தாள். ஏற்கெனவே உள்ளே இருப்பதன் கூடப்பிறந்தது மாதிரி. அதே கொம்பனி, அதே அளவு, அதே கறுப்பு. ஆனால் யாரோ பாவித்தது.

பாவித்த சாமான் வீட்டுக்குள் வருகிறது, யார் கண்பட்டதோ. "இஞ்ச கொண்டாங்கோ பிள்ளை" என்று வாங்கி, சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமத்தோடு ஒரு பொட்டு வைத்தேன். முகம் சுளிப்பாள் என்று பார்த்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு மாமி" என்றாள். என்ன நல்லது என்று சொல்லவில்லை. இந்தப் பிள்ளையிடம் ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

செப்டம்பர் 24, புதன்

மான். இந்த முறை கறிவேப்பிலை.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்றைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது நானாகவே கேட்டேன், அந்த இரண்டாவது டிஸ்க்கை என்ன செய்யப்போகிறாய் என்று. எனக்குச் சொன்னால் விளங்குமா என்று யோசித்திருப்பாள். பிறகு கேட்டாள்: "மாமி, நீங்கள் அரசாங்கக் கச்சேரியில காணிக் கிளையிலதானே வேலை செய்தனீங்கள்?"

"முப்பது வருசம்."

"அப்ப சுகம். இது ஒரு காணி எண்டு வையுங்கோ. எல்லைக்கல்லு நட்டு ரெண்டு துண்டாப் பிரிக்கப்போறன். ஒரு துண்டில லினக்ஸ் வீடு கட்டும். மற்றத் துண்டில என்ட வீடியோக்களுக்கு இன்னொரு பிரதி. விண்டோஸ் தன்ட பழைய காணியிலேயே இருக்கும். கொம்பியூட்டரைப் போட்டோடன, எந்த வீட்டுக்குப் போறீங்கள் எண்டு வாசல் படலையில வைச்சுக் கேக்கும்."

அட! கச்சேரியில் காணிப் பிரிப்பை வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்த நான் எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். இவள் தேத்தண்ணி ஆறுமுன் எனக்குக் கொம்பியூட்டரை விளங்கப்படுத்திவிட்டாள்.

"எல்லைத் தகராறு வராதோ?"

"அதுக்குத்தான் பழைய டிஸ்க்கின்ட வயரைக் கழட்டிப்போட்டுச் செய்யப்போறன். கழட்டி வைச்ச சாமானை ஒருத்தராலும் அழிக்க ஏலாதே."

கெட்டிக்காரி. அப்படியே சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. "தேத்தண்ணி ஆறப்போகுது" என்றுதான் சொன்னேன்.

ஒக்டோபர் 1, புதன். சரஸ்வதி பூசை

புத்தகம், பேனை, என் தையல் கத்தரிக்கோல், எல்லாம் தட்டில். கொம்பியூட்டரும் படிப்புச் சாமான்தானே? முழுப்பெட்டியும் சாமி அறைக்குள் கொள்ளாது என்றேன், சும்மா ஒரு கதைக்கு. லதுஷா போய், இரண்டு டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு வந்து தட்டில் வைத்தாள். "மூளை இதுதான் மாமி."

சிலுவை போட்ட பிள்ளை. தட்டை நானே நடுவுக்கு நகர்த்தி வைத்தேன்.

ஒக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

காலையில் பூசைக்கு முன் எல்லாச் சாமானையும் ஈரத் துணியால் துடைத்தேன். பழைய சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. புதிதாகக் குழைத்து ஒவ்வொன்றாக வைத்தேன். புது டிஸ்க்குக்கு வைத்துவிட்டுப் பார்த்தால் பழையது வெறும் நெற்றியோடு கிடக்கிறது. இவ்வளவு நாளும் உழைத்தது அதுதானே, நேற்று வந்ததற்கு மட்டும் வைத்தால் சரியா? அதற்கும் வைத்தேன்.

லதுஷா பள்ளிக்கூட வாணிவிழாவுக்குப் போகிற அவசரத்தில் வாசலில் நின்று சொன்னாள்: "மாமி, ரெண்டு டிஸ்க்கையும் கொம்பியூட்டர் பெட்டிக்குள்ள இருக்கிற தட்டுகளுக்குள்ள தள்ளிவிடுங்கோ. வயரை நான் வந்து குத்துறன்." தள்ளிவிட்டேன். ஒன்று மேலே, ஒன்று கீழே.

பின்னேரம் வந்து, நல்ல நாள், இன்றைக்கே தொடங்குவோம் என்றாள். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தாள். மேலே இருந்ததில் பொட்டுத் தெரிந்தது. அதற்கு மட்டும் வயரைக் குத்தினாள். கீழே இருந்ததை இழுத்துப் பார்க்க அவளுக்கு என்ன தேவை?

திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. இந்த டிஸ்க்கில் ஏற்கெனவே சாமான் இருக்கிறது, அழியும் என்று. "முந்தி வைச்சிருந்த ஆக்களின்ட குப்பை, போகட்டும்" என்று அமத்தினாள். எல்லைக்கல் நட்டாள். இரண்டு துண்டையும் துப்புரவாக்கினாள். லினக்ஸ் ஏறியது. எழுத்தெல்லாம் தமிழில்! இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிறுபிள்ளைகள் மாதிரி அதைத் தட்டித் தட்டிப் பார்த்தோம்.

பிறகு நிற்பாட்டிவிட்டுக் கீழே இருந்ததற்கும் வயரைக் குத்தினாள், வீடியோக்களுக்குப் பிரதி எடுக்க. திறந்தால் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். முன்பின் தெரியாத கலியாணம். படம் படமாக.

லதுஷா அவசரமாகக் குனிந்தாள். கீழே இருந்ததை இழுத்து எடுத்தாள். அதிலும் பொட்டு.

"மாமி... ரெண்டுக்கும் வைச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை. பழசு பாவம் எண்டு..."

அப்போதுதான் சொன்னாள். அன்றைக்கு நான் வைத்த பொட்டைத்தான் அவள் அடையாளமாக வைத்திருந்திருக்கிறாள். அழிந்தது பழையது. விண்டோஸ், இரண்டு வருசப் பாடம், எல்லாம்.

என்னை ஏசு, ஏசிவிடு என்று மனதுக்குள் கத்தினேன். அவள் கையிலிருந்த டிஸ்க்கை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு எழும்பி, சுவரில் பிளக்கை இழுத்தாள். "இனி இதில ஒரு எழுத்தும் எழுதப்படக்கூடாது மாமி. என்னைக் கேக்காம ஒருத்தரும் இதைப் போடவேண்டாம்." அவ்வளவுதான். ஒரு சுடுசொல் இல்லை. நானாக இருந்தால் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒக்டோபர் 3, வெள்ளி

சோறு இறங்கவில்லை. கடவுளே, அந்தப் பிள்ளைகள். சரஸ்வதிக்கு வைத்த பொட்டா இந்த வேலை பார்த்தது? இல்லை, தயாளினி, உன் கைதான் பார்த்தது.

ஒக்டோபர் 4, சனி

விடிய எழும்பினால் லதுஷா தேத்தண்ணியோடு என் கதிரைக்கு முன்னால் நிற்கிறாள். வழமையாக நான்தான் கொடுப்பது.

"மாமி, உங்களிட்ட ஒரு காணிக் கேள்வி. ஒராளின்ட காணி உறுதிப் பத்திரமும் வரைபடமும் எரிஞ்சு போச்சு. காணி போயிட்டுதோ?"

"அதெப்படிப் போகும்? காணி கிடக்கும். எது ஆருடையதெண்டுதான் தெரியாமப் போகும்."

"அதுதான் நடந்திருக்கு. நான் எரிச்சது உறுதியை. புதுசா வீடு கட்டின இடத்தில இருந்தது மட்டும்தான் போயிருக்கும். மிச்சமெல்லாம் கிடக்கு. தேடி எடுக்கிற புறோகிறாம் இருக்கு, லினக்ஸிலேயே. பென் ட்றைவில இருந்து ஓடவிட்டு, எடுக்கிறதை மற்ற டிஸ்க்கில கொண்டுபோய்ப் போடவேணும்."

"நான் எரிச்சது" என்கிறாள்! பொட்டு வைத்தவள் முன்னால் இருக்க.

இன்னொன்றும் செய்தாள். மற்ற டிஸ்க்கில் எழுதத் தொடங்கினால் அந்தக் கலியாணப் படங்கள் அழியும். அதனால் முதலில் அவற்றை ஒரு பென் ட்றைவில் ஏற்றி, விற்ற ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லி றிகாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தன் வீடு எரிகிறபோது அடுத்த வீட்டு ஓலையை நனைக்க யாருக்கு மனம் வரும்? எனக்கு வராது. நான் மனம் திறந்து எழுதுகிறேன், வராது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போய்விடக்கூடாது என்று கோணேசருக்கு நேர்ந்தேன். அவள் மாதாவுக்கு நேர்ந்தாளாம். ஆளுக்கொரு பக்கத்தால் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வந்துவிட்டது! முழுக்க இல்லை, ஆனால் நானூறுக்கு மேல் வீடியோ. ஆனால் ஒன்றுக்கும் பெயரில்லை. எல்லாம் வெறும் இலக்கம். எது உராய்வு, எது தொகையிடல், எது போன வருசத்தது என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால்தான் தெரியும். அவளுக்குப் பள்ளிக்கூடம், வகுப்பு, விடைத்தாள். சோதனைக்கோ ஒரு மாதம்.

"தாங்கோ, நான் பெயர் வைக்கிறன்" என்றேன்.

"மாமி, அது கணிதம்..."

"பாடம் தொடங்கேக்க என்ன பாடமெண்டு சொல்லுவீங்கள்தானே? எனக்குக் காது இருக்கு. தட்டச்சும் தெரியும்."

முதல் முறையாக அளக்காமல் சிரித்தாள்.

ஒக்டோபர் 9, வியாழன்

அவள் பள்ளிக்கூடம் போனதும் முன்னறையில் நான். இரண்டு வருசமாகச் சாத்திக் கிடந்த கதவுக்குள் நடந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

இது யார்? இந்தக் கலகலப்புக்காரி யார்? "ரஜீவன், நீ எடுத்த விடையின்படி இந்த வள்ளம் கடலுக்குக் கீழால போகுது. பரவாயில்லை, ஏறு, திரும்பச் செய்வம்" என்கிறாள். வெருகல் ஆற்று நீரோட்டத்தில் ஒருவன் குறுக்கே நீந்துகிறான் என்று கணக்குச் சொல்கிறாள். பிழை விட்டவனைத் தாழ்த்தாமல், பிழை எந்த இடத்தில் புகுந்தது என்று அவனையே தேட விடுகிறாள். பாடத்தின் பெயர் தெரிந்த பிறகும் நான் நிற்பாட்டவில்லை. குசினியில் பருப்பு அடிப்பிடித்தது.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பழைய விண்டோசுக்கு இன்றோடு தவணை முடிகிறதாம். எங்களுடையது பன்னிரண்டு நாள் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தோம். பழைய டிஸ்க்கில் லினக்ஸ் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. பள்ளிக்கூட வேலைக்குத் தேவைப்படும் என்று விண்டோசையும் பிறகு பக்கத்தில் ஏற்றி வைப்பாளாம்.

பெயர் வைத்தது பாதிக்கு மேல். "பகுதிகளாகத் தொகையிடல்" என்று யோசிக்காமல் அடிக்கிறேன். என்னவென்று கேட்டால் தெரியாது.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஒரு விசயம் கவனித்தேன். வெட்கமாக இருக்கிறது. பாதி வீடியோவில் நான் இருக்கிறேன். ஆள் இல்லை, சத்தம். மிக்ஸி. மீன்காரனோடு பேரம். "ஆர் இந்த லைற்றைப் போட்டுட்டுப் போனது?" கதவு சாத்தியிருந்தும் எல்லாம் கேட்கிறது. பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கிற பாடத்துக்குள் என் குரல் அறுக்கிறது. ஒரு நாளாவது "மாமி, மெதுவாய்" என்று இந்தப் பிள்ளை சொன்னதுண்டா?

இனி வகுப்பு நேரத்தில் வாய் திறப்பதில்லை. சத்தியம்.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் வைத்து முழுகி, பலகாரம் முடித்து, மிச்சத்துக்குப் பெயர் வைக்க இருந்தேன்.

போன வருசத்து வீடியோ ஒன்று. லதுஷா பலகையில் வட்டம் ஒன்று கீறிக்கொண்டிருக்கிறாள். பின்னால் நான்: "சூ! போ! உனக்கு வேற வீடு இல்லையோ?"

மூதூர்ப் பிள்ளை றஹ்மா கேட்கிறாள்: "மிஸ், ஆரைத் துரத்துறாங்க?"

"மானை. எங்கட அம்மா துரத்துறா."

எங்கட அம்மா. எனக்கு நேரே ஒரு நாளும் வராத சொல். வீட்டில் எப்போதும் மாமிதான்.

"மான் பயப்படுமா மிஸ்?"

"மான் பயப்பிடாது. நான்தான் பயப்பிடுவன்." பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். பிறகு வட்டத்தைக் கீறிக்கொண்டே, திரும்பாமல் சொல்கிறாள்: "என்ட அம்மா செத்தாப்பிறகு எங்கட வீட்டில ஒரு சத்தமும் இல்ல றஹ்மா. இப்ப அவவின்ட சத்தம் கேட்டாத்தான் எனக்கு வீட்டில இருக்கிற மாதிரி. சரி, இந்தத் தொடலியைப் பாருங்கோ."

திரும்ப ஓட்டினேன். திரும்பவும். அவள் பலகாரத் தட்டோடு வந்து, "ஏன் மாமி அழுறீங்கள்?" என்றாள்.

"இந்த வட்டம் விளங்கயில்ல" என்றேன்.

அந்த வீடியோவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. என்ன பாடம் என்று எழுதுவது?

ஒக்டோபர் 26, ஞாயிறு

எல்லாம் முடிந்தது. பாடம் பாடமாக அடுக்கிப் பென் ட்றைவ்களில் ஏற்றி, இலங்கைத்துறைக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் பஸ்ஸில் கொடுத்தாயிற்று. நானே பஸ் நிலையம் போய்க் கண்டக்டர் தம்பியின் கையில் வைத்து, பத்திரம் பத்திரம் என்று சொன்னேன். "அன்ரி, இதைத்தானே ரெண்டு வருசமாக் கொண்டுபோறம்" என்றான். நிகழ்தகவு மட்டும் முழுக்கப் போய்விட்டது. புது வீடு கட்டின துண்டுக்குள் அகப்பட்டதாம். அதைத் திரும்ப நடத்தப்போகிறாள்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று கல்லறைத் திருநாள். காலையில் லதுஷா மெழுகுதிரிப் பெட்டியோடு புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்று செருப்பைப் போட்டேன். சேமக்காலையில் அவள் தாயின் கல்லறையைக் கூட்டினோம். மான் விட்டுவைத்த செவ்வரத்தை இரண்டு கொண்டுபோயிருந்தேன். அந்த மனுசிக்கு நான் என்ன சொல்வது? உங்கள் பிள்ளை நல்ல பிள்ளை என்று சொன்னேன், மனதுக்குள்.

வருகிற வழியில் றிகாஸ் கடையில் இன்னொரு டிஸ்க், பிரதி வைக்க. இது புத்தம் புதிது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் நீட்டினாள். "பொட்டு வையுங்கோ."

"விசரோ உனக்கு? பட்டது போதாதோ?"

"வையுங்கோ. இந்த முறை பேரும் எழுதுவன்." வைத்தேன். அதற்குக் கீழே மார்க்கரால் பெரிய எழுத்தில் 'பிரதி' என்று எழுதினாள்.

பின்னேரம் கடைசி வகுப்பு. சோதனை வருவதால் இந்தக் கிழமையோடு ரியூசன் எல்லாம் நிற்பாட்டவேண்டும் என்று அரசாங்கக் கட்டளை. நிகழ்தகவு. கதவைத் திறந்தே வைத்திருந்தாள். நான் குசினியில் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு, தேங்காய்கூடத் திருவாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். செவ்வரத்தைக்குப் பக்கத்தில் மான் வந்து நின்றது. பல்லைக் கடித்தேன். தின்னட்டும்.

பாதிப் பாடத்தில் றஹ்மாவின் குரல்: "மிஸ், இண்டைக்கு என்ன, ஒரு சத்தத்தையும் காணல்ல? அம்மா இல்லையா வீட்டில?"

 லதுஷா கதிரையைத் திருப்பிக் குசினிப் பக்கம் பார்த்தாள்.

"இருக்கிறன் மகள்!" என்றேன், இலங்கைத்துறைக்கே கேட்கிற மாதிரி. பிறகு தும்புத்தடியை எடுத்துக்கொண்டு மானைக் கலைக்க ஓடினேன்.